பவுனு வளர்ந்தால் ஊர் ஏழை

கொட்டாங்கச்சிப்பட்டிக்கு வழி கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது. அதனால்தான் அவர்கள் ஊரை விட்டு எங்கேயும் போவதில்லை. மற்றபடி தங்கமான மனிதர்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அவர்களிடம் இருந்த கோளாறும் அதுதான்.

அந்த ஊரிலேயே ஏழை சீனியம்மா. அவள் புருஷன் ஒரு நாள் கோடாலிக்குக் காம்பு வெட்டக் கிளம்பினான். உலை பொங்குகிற அவசரத்தில் அவள் "சரி, போ" என்று சொல்லிவிட்டாள். 'போயிட்டு வா' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவன் போனான், வரவில்லை. "அவன் மேல என்ன தப்பு? சொன்னதைச் செஞ்சிருக்கான்" என்று சாவடியில் கூடித் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். சீனியம்மாவும் அதை ஒப்புக்கொண்டாள்.

அவளுக்கு மிச்சமிருந்தது துண்டு நிலமும், பவுனு என்கிற கிடேரிக்கன்றும்தான். செவலை நிறம், நெற்றியில் வெள்ளைப்பொட்டு. இது வளர்ந்து பசுவாகணும், பால் கறக்கணும், தன் வீட்டிலும் மோர் சிலுப்புகிற சத்தம் கேட்கணும். சீனியம்மா சாமியிடம் வேறு எதையும் கேட்டதில்லை. அந்தக் கன்றுக்குத்தான் வந்தது வினை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். அறுப்பு முடிந்ததும் எல்லா வீட்டு நெல்லையும் பொதுக்களத்தில் தனித்தனி அம்பாரமாகக் குவிப்பார்கள். ஐயனாருக்குப் பொங்கல் வைத்துக் காட்டிய பிறகுதான் வீட்டுக்குச் சுமப்பார்கள். ஒரு வருஷம் அந்த நேரம் பார்த்து அரண்மனை மணியக்காரர் குதிரையில் வந்து இறங்கினார். களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏன்யா, நாட்டாமை அம்பாரம் இடுப்பைத் தொடுது, அந்தம்மா அம்பாரம் காலுக்கடியில கிடக்குது. யாருக்கு வருஷா வருஷம் வருமானம் ஏறுது, யாருக்கு இறங்குதுன்னு பாக்கிறீங்களா இல்லையா?"

"பாக்கிறோம் சாமி," என்றார் நாட்டாமை ஒச்சப்பன். "இப்பக்கூடப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறோம்."

மணியக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். "அளந்து பாருங்கய்யா. ஒரே அளவால அளங்க. வருஷத்துக்கு ஒண்ணா மாத்தக்கூடாது. ரெண்டு வருஷம் கழிச்சு வர்றேன். எந்த வீடு எந்திரிக்கவே முடியாமக் கிடக்குதோ, அதுக்கு அரண்மனையில சொல்லி ஏதாச்சும் செய்வோம்." சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் தனக்கும் ஏதாவது ஆகிவிடும் என்பவர் போலக் குதிரையைத் தட்டிவிட்டார்.

அன்றைக்கே சாவடியில் கூட்டம். எதால் அளப்பது?

"கயித்தால அளப்போம்," என்றான் பொம்மணன்.

"கயிறு அறுந்துபோகும்."

"கம்பு?"

"கரையான் தின்னுரும்."

அப்போது சோணையன் தொண்டையைச் செருமினார். இந்தச் சோணையன் ஒரு தடவை பஞ்சாயத்து முடியும்வரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அதனால் அறிவாளி என்று பேர் வாங்கினார். பேர் வாங்கிய பிறகு வாயை மூடவே இல்லை.

"உசிரில்லாத சாமானை நம்பவே படாது," என்றார். "அதுக்கு ஒண்ணுன்னா வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது. உசிருள்ளதா ஒண்ணு வேணும். பசிச்சாக் கத்தும், காணாமப்போனா தேடி வரும்."

"கோழி?"

"விருந்தாளி வந்துட்டா அளவு குழம்புக்குப் போயிடும்."

"எங்க மாமியா இருக்கு," என்றான் பொம்மணன் ஆசையாக. "களத்திலேயே விட்டுடலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கூட்டம் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தது. "வேணாம்ப்பா," என்றார் நாட்டாமை. "உங்க மாமியா நில்லுன்னா உக்காரும். உக்காந்தா எந்திரிக்காது. உசரம் நிலையா இருக்காது."

அப்போதுதான் சீனியம்மா வீட்டுப் பவுனு சாவடிக்குள் தலையை நீட்டி, நாட்டாமையின் துண்டைத் தின்ன ஆரம்பித்தது. நாலு கால், நேரான முதுகு, சாந்தமான முகம். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி ஊருக்கு அளவுகோல் பவுனுதான் என்று முடிவாகிவிட்டது. சீனியம்மாவுக்கு ஒரே பெருமை. "என் புள்ளைக்கு வந்த மவுசைப் பாரு!" என்று திருஷ்டி கழித்தாள், பாவம்.

பவுனுவை ஒவ்வொரு அம்பாரமாக ஓட்டிப்போய்ப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நாட்டாமையின் நெல் அதன் முதுகைத் தொட்டது. சோணையன் மாதிரி நாலைந்து பேருக்கு வயிறுமட்டம். பெரும்பாலானவர்களுக்கு முட்டி. சீனியம்மாவின் நெல் குளம்போடு நின்றுவிட்டது.

அதிலிருந்து ஊரில் முதுகு வீடு, வயிற்று வீடு, முட்டி வீடு, குளம்பு வீடு என்றுதான் பேச்சு. "வயித்து வீட்டுப் பொண்ணை முட்டி வீட்டுக்குக் குடுப்பமா?" என்று பொம்மணன் மகனுக்கு வந்த சம்பந்தம் முறிந்தது. கோயிலில் திருநீறு கொடுப்பதுகூட முதுகிலிருந்து இறங்கிக் குளம்பில் முடிந்தது. சீனியம்மாவின் முறை வரும்போது தட்டைத் துடைத்துக் கொடுப்பார்கள்.

அவளோ பவுனுவுக்குப் பார்த்துப் பார்த்துத் தீனி போட்டாள். ஊர் அளவுகோல் அல்லவா? இளைத்துப் போனால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?

அடுத்த வருஷ அறுப்பும் வந்தது. போன வருஷத்தைவிட ஒரு பங்கு அதிகமாகவே விளைந்திருந்தது. பவுனுவை ஓட்டிவந்து நாட்டாமை அம்பாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

நெல் பவுனுவின் வயிற்றோடு நின்றுவிட்டது.

வயிற்று வீடுகளை அளந்தார்கள், முட்டிக்கு வந்திருந்தன. முட்டி வீடுகள் குளம்புக்கு இறங்கியிருந்தன. சீனியம்மாவின் நெல்லை அளக்கப் போனபோது பவுனு அதன் மேலேயே ஏறி நின்றுகொண்டது. பழகிய நெல்.

"அய்யய்யோ!" என்று நாட்டாமை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஊர்ல ஒரு முதுகு வீடுகூட இல்லாமப்போச்சே! பரம்பரை முதுகு வீடுய்யா எங்க வீடு!"

பரம்பரை என்பது போன வருஷத்திலிருந்து. ஆனாலும் துக்கம் துக்கம்தானே? பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். நாட்டாமை தங்கக் கடுக்கனைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வேளைக் கஞ்சிக்கு மாறினார். நெல்லை வீட்டுக்குச் சுமந்து பார்த்தார், பாதியிலேயே குதிர் நிறைந்து வழிந்தது. "பாத்தியா? வறுமை வந்துட்டா குதிர்கூடச் சுருங்கிப்போகுது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தைக் களத்திலேயே போட்டுவிட்டார். அதைப் பார்த்த மற்றவர்களுக்கும் நெல்லைச் சுமக்க மனசு வரவில்லை.

வருமானம் எங்கே போயிற்று என்று சாவடியில் விசாரணை நடந்தது. எலி இல்லை, திருடன் இல்லை. சோணையன்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

"போன வருஷம் நம்ம வருமானம் பெருசு, பவுனு சிறுசு. இந்த வருஷம் நம்ம வருமானம் சிறுசு, பவுனு பெருசு. ஊர்ல குறைஞ்சது அத்தனையும் எங்க ஏறியிருக்கு? நீங்களே பாத்துக்குங்க."

எல்லாரும் பவுனுவைப் பார்த்தார்கள். அது அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அட திருட்டுக் கழுதை! மென்னுக்கிட்டுல்ல இருக்கு!" என்றான் பொம்மணன்.

சீனியம்மா முன்னால் வந்தாள். "மாமா, அது வெறும் புல்லுதான் திங்கும். நானே அறுத்துப் போடுறேன்."

"நீதாம்மா ஊரை இந்தக் கதிக்குக் கொண்டாந்தவ," என்றார் நாட்டாமை. "இனிமே அதுக்குத் தீனி கிடையாது. பழைய உசரத்துக்கு வர்றவரைக்கும் பட்டினி."

"இல்லாட்டி காலைக் கொஞ்சம் குறைச்சிடலாம்," என்றான் பொம்மணன், தச்சு வேலை தெரிந்தவன். "நாலையும் சமமா எடுத்தா ஆட்டமும் இருக்காது."

சீனியம்மா ஓடிப்போய்ப் பவுனுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என்னைய வெட்டிட்டு அப்புறம் அது காலைத் தொடுங்கடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் சாவடிக் கூரையில் இருந்த புறா எல்லாம் பறந்துவிட்டன. அழுகையோடு அழுகையாக, வாயில் வந்ததையும் சொல்லிவிட்டாள்: "உசரம்தானே உங்களுக்குக் குறையணும்? பள்ளத்துல நிப்பாட்டினாக் குறையாதா?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் ஊர் அதற்குள் மண்வெட்டி எடுக்கப் போய்விட்டது.

களத்தின் ஓரத்தில் குழி வெட்டினார்கள். பவுனுவை இறக்கும்போது சீனியம்மா புருஷன் விஷயத்தில் செய்த தப்பை இதிலும் செய்யவில்லை. அதன் காதில் வாயை வைத்து, "போயிட்டு வா தாயி. மறந்துடாத, போயிட்டு வா," என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினாள்.

பவுனு முட்டியளவு இறங்கியதுமே நாட்டாமையின் நெல் பழையபடி அதன் முதுகைத் தொட்டது. களத்தில் ஒரே குலவை! வேட்டு வெடித்தார்கள். நாட்டாமை கடுக்கனை மாட்டிக்கொண்டு மூன்று வேளைக் கஞ்சியையும் ஒரே வேளையில் குடித்தார்.

"இன்னும் ஒரு முழம் வெட்டினா?" என்றார் சோணையன்.

வெட்டினார்கள். வயிற்று வீடெல்லாம் முதுகு வீடு. இன்னும் வெட்டினார்கள். முட்டி வீடெல்லாம் முதுகு வீடு. பவுனுவின் கொம்பு நுனி தரைக்குக் கீழே போனபோது சீனியம்மாவின் நெல்லே அதைவிட உயரத்தில் இருந்தது. வறுமை என்பதே இல்லாத ஊராகிவிட்டது கொட்டாங்கச்சிப்பட்டி. அன்றைக்குத் திருநீற்றுத் தட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கைவிட, தட்டு கவிழ்ந்து பூசாரி கண்ணில் கொட்டியது.

நாட்டாமைக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாரும் முதுகு வீடுன்னா நான் யாருப்பா?" என்று வீட்டுக்கு வீடு போய்க் கேட்டார்.

சீனியம்மாவும் இப்போது முதுகு வீடுதான். ஆனால் சட்டியில் என்னவோ அதே கூழ்தான் இருந்தது. 'பணக்காரி ஆகிட்டேன், பசிக்கக்கூடாது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பசித்தது. அது போகட்டும். தொழுவத்தில் பவுனு இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஏணி வைத்துக் குழிக்குள் இறங்கிப் புல் போடுவாள், தண்ணீர் காட்டுவாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊர்க்கதை எல்லாம் சொல்லுவாள். "எப்பம்மா வருவ?" என்று கேட்பாள். அது அவள் கையை நக்கும்.

தின்னத் தின்னப் பவுனு வளர்ந்தது. வளர்ந்தால் ஊர் விடுமா? நாட்டாமை குதிரில் அடங்காத நெல்லைக் குழி ஓரத்தில் வைத்துக்கொண்டு தினம் காலையில் வந்து எட்டிப்பார்ப்பார். கொம்பு தெரிந்தால் போதும், "ஏய், ஊர் ஏழையாகுதுடா! ஓடியாங்க!" என்று கத்துவார். உழவை விட்டுவிட்டு எல்லாரும் ஓடிவந்து இன்னும் ஆழமாக வெட்டுவார்கள். ஒரு தடவை அவர் கத்திய வேகத்தில் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த அவருடைய காளை மிரண்டு குழிக்குள் விழுந்துவிட்டது. கயிறு தேடி எடுத்து அதை ஏற்றுவதற்குள் இரண்டு நாள் ஆயிற்று. உள்ளே அந்த இரண்டும் என்ன பேசிக்கொண்டன என்று யாரும் கேட்கவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, மத்தியானத்தையே இருட்டாக்கிய மழை. களத்துத் தண்ணீர் எல்லாம் குழியைப் பார்த்து ஓடியது. ஊரே கொட்டாங்கச்சியும் கையுமாக ஓடிவந்து, தண்ணீரை மொண்டு மொண்டு குழியின் ஓரத்திலேயே ஊற்றியது. அது திரும்பவும் உள்ளேயே ஓடியது.

"அவ மேல வர்றாடா! ஒரு முழம் வந்துட்டா!" என்று பொம்மணன் அலறினான். "பாழாப்போன மழை, ஊரைக் கெடுக்கவே பெய்யுது!"

சீனியம்மாவுக்கு ஊராவது, வருமானமாவது? அவள் கண்ணுக்கு, பழுப்புத் தண்ணீருக்கு மேலே தெரிந்த அந்த வெள்ளைப்பொட்டு மட்டும்தான் தெரிந்தது. அதுவும் ஒரு நொடி மறைந்தது.

"பவுனு! போயிட்டு வான்னுதானேடி சொன்னேன்! வாடி! வந்துடு!"

பொட்டு மேலே வந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, காலை அடித்து அடித்து நீந்தி, பவுனு கரையேறிவிட்டது. நேரே அவளிடம் வந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. சீனியம்மா அதைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், ரெண்டையும் சேர்த்துச் செய்தாள். "சொன்ன சொல்லுக்கு வந்துட்டா பாருங்க! என் வயித்துல பால வாத்துட்டா!"

சுற்றி நின்ற ஊர், ஒரே மத்தியானத்தில் ஏழையாகிவிட்ட துக்கத்தில், தலையில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று.

குழி குளமாகிவிட்டது. குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வயலுக்குப் பாய்ந்தது. அந்த அறுப்பில் அந்த ஊர் கண்டிராத விளைச்சல். களத்தில் அம்பாரத்துக்கும் அம்பாரத்துக்கும் நடுவே நடக்க வழியில்லை. சொன்னபடி மணியக்காரர் வந்து இறங்கினார். இறங்கினால், நெல்லின் மேல் உட்கார்ந்து ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

"ஏன்யா அழுறீங்க?"

"ரொம்ப நொடிச்சுப்போயிட்டோம் சாமி. போன வருஷம் எல்லாரும் முதுகு வீடு. இந்த வருஷம் எனக்கே வயிறு தாண்டல," என்றார் நாட்டாமை.

பவுனுவை ஓட்டிவந்து காட்டினார்கள். கொம்பும் திமிலுமாக, வயிறு பெருத்து, பெரிய பசுவாக நின்றது. இரண்டு வருஷக் கதையையும் நாட்டாமை விடாமல் சொன்னார். மணியக்காரர் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த நேரம், பவுனுவும் தரையில் படுத்து ஒரு முனகல் முனகியது. சீனியம்மா ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஈரமாக, செவலையாக, நெற்றியில் பொட்டோடு ஒரு கன்று தட்டுத்தடுமாறி எழுந்து நின்றது.

"சாமி! அளவுகோல் கன்னு போட்டிருச்சு!" என்று கத்தினான் பொம்மணன்.

நாட்டாமை பசுவையும் கன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே அளவால அளக்கச் சொன்னீங்களே சாமி. இப்ப அளவு ரெண்டாயிடுச்சே. எதை நம்புறது?"

"இதிலென்ன குழப்பம்?" என்றார் சோணையன். "பொட்டைப் பாரு, நிறத்தைப் பாரு. சின்னதுதான் பழைய பவுனு. வளந்தது தப்புன்னு தெரிஞ்சு திரும்பி வந்திருக்கு."

கன்றை அம்பாரத்தோடு நிறுத்தி அளந்தார்கள். சீனியம்மாவுடையதைத் தவிர எல்லார் நெல்லும் அதன் முதுகுக்கு மேலே! குலவை கிளம்பியது, வேட்டும் வெடித்தது.

மணியக்காரர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். எந்தக் கன்றும் இல்லாமல் வெறும் கண்ணாலேயே களத்தைப் பார்த்தார். எல்லார் அம்பாரமும் உயர்ந்திருந்தது. சீனியம்மாவுடையது மட்டும் அதே இடத்தில் கிடந்தது. "இந்தம்மா வீடுதான்யா எந்திரிக்கவே இல்லை. நான் அரண்மனையில சொல்றேன்," என்றார். பிறகு கூட வந்த சேவகனிடம் கூடாரம் அடிக்கிற இரும்புக்கோல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி நாட்டாமை கையில் கொடுத்தார். "அந்த மாட்டை விட்டுடுங்க. இனிமே இதாலதான் அளக்கணும். பத்திரமா வச்சிருங்க." போகும்போது சீனியம்மா அவரிடம் "போயிட்டு வாங்க சாமி" என்று கவனமாகச் சொன்னாள். ஆனால் அரண்மனையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

இரும்புக்கோலை யார் வீட்டில் வைப்பது என்று சாவடியில் பேச்சு வந்தது. "முன்ன இருந்த அளவுகோலை அத்தாந்தண்டியா வளத்தது யாரு? சீனியம்மாதான். இதையும் அவகிட்டயே விடுவோம்," என்றார் நாட்டாமை. அவள் அதைத் தொழுவத்தில், பவுனுவுக்கும் கன்றுக்கும் நடுவில் நட்டுவைத்தாள்.

ஒரு மாதம் போயிற்று. ஊர் வந்து பார்த்தது. கோல் அப்படியே இருந்தது.

"ஒரு விரல்கூட வளரலையே," என்று சோணையன் அதைத் தடவிப்பார்த்தார். உடனே கையை இழுத்துக்கொண்டார். "ஐயோ, உடம்பு ஜில்லுன்னு கிடக்கு! பத்திரமா வச்சிருக்கச் சொன்னாரே! செத்துகித்துப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அன்றையிலிருந்து அளவுகோலுக்கு வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல், ஒரு குடம் கழுநீர் என்று முறை வைத்தார்கள். அதற்கும் அசையவில்லை என்று பிண்ணாக்கு வந்தது. பருத்திக்கொட்டை வந்தது. நாட்டாமை தன் குதிரில் அடங்காத நெல்லை மூட்டை மூட்டையாக அனுப்பினார். எல்லாவற்றையும் சீனியம்மா கோலுக்கு முன்னால் வைத்து, "தின்னு சாமி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். திறந்து பார்த்தால் வைக்கோலும் இருக்காது, பிண்ணாக்கும் இருக்காது. ரெண்டு பக்கமும் பவுனுவும் கன்றும் மினுமினுவென்று நின்று உதட்டை நக்கிக்கொண்டிருக்கும். நெல்லை மட்டும் கோல் தொடவில்லை. 'படைச்சதைத் திருப்பிக் குடுக்கலாமா?' என்று சீனியம்மா அதைப் பொங்கித் தின்றாள்.

அடுத்த அறுப்புக்கு நாட்டாமையும் சோணையனும் கோலை எடுக்க வந்தார்கள். சீனியம்மா வாசலில் உட்கார்ந்து மோர் சிலுப்பிக்கொண்டிருந்தாள். நாட்டாமை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பினார்.

"அத்தனையும் தின்னுட்டு அப்படியே நிக்குதேம்மா!"

"எனக்கும் அதான் மாமா ராத்தூக்கம் இல்ல," என்றாள் சீனியம்மா. வெண்ணெயை உருட்டிக்கொண்டே நிஜமாகவே கண் கலங்கினாள். "ஒரு வேளை தவறாம வைக்கிறேன். திங்கிறதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல."

நாட்டாமை யோசித்தார். சோணையனும் யோசித்தார்.

"தாய்ப்பால் இல்லாமத்தான்யா ஏங்கிப்போயிருக்கு," என்றார் சோணையன்.

"அப்படிச் சொல்லு!" என்ற நாட்டாமை, அன்று சாயங்காலமே தன் தொழுவத்திலிருந்த நல்ல கறவைப் பசுவை அவிழ்த்து ஓட்டிவந்து, அந்த இரும்புக்கோலுக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டுப் போனார்.